இடக்கையால் ஒரு சூப்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் லிஃப்டுக்குள் ஏறினால் என் படிப்பு மாடிக்கு மாடி மாறும். இரண்டாம் மாடிக் கணக்காளர் ஏறி, "மகன் என்ன செய்யிறார்?" என்று கேட்டால் அப்பா, "மனேஜ்மென்ட்" என்பார். கனடாவில் டொக்டர் மகனை வைத்திருக்கும் நாலாம் மாடி அன்ரி கேட்டால், "அது ஒரு லண்டன் டிகிரி" என்பார். லிஃப்ட் பழுதாகி நடுவில் நின்ற ஒருநாள் மட்டும், வேறு வழியில்லாமல், "நிகழ்ச்சி... முகாமைத்துவம்..." வரைக்கும் போனார். அதற்குள் லிஃப்ட் கிளம்பிவிட்டது. அப்பா தப்பித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. எல்லாம் என் படிப்பின் துண்டுகள்தான். பட்டம் தருவது லண்டனில் ஒரு பல்கலைக்கழகம். முழுப் பெயர் விருந்தோம்பலும் நிகழ்ச்சி முகாமைத்துவமும். எங்கள் ஆட்கள் வாயில் அது "ஹோட்டல் படிப்பு." அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பம்பலப்பிட்டியில் ஒரு கொம்பனியின் கணக்குப் பகுதியில் தலைமுடியைக் கொட்டியவர். என்னை எஞ்சினியராக்கத்தான் கணிதப் பிரிவில் போட்டார். உயர்தரப் பெறுபேறு வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு மரண அமைதி. அதைக் கலைத்தது நான்தான். "நான் ஹோட்டல் படிக்கப் போறன்" என்றேன். அமைதி இன்னும் கூடியது.

"கணக்கியலாவது படியன்ரா" என்றார் அப்பா கடைசியாக. படிக்கவில்லை. என் கணக்கு அறிவைப் பெறுபேற்றில் பார்த்த பிறகும் அவர் அப்படிக் கேட்டார் என்றால், பெற்ற பாசம் என்பது அதுதான்.

முதல் இரண்டு வருடம் எனக்குச் சொர்க்கம். துணி மடிப்பதற்குப் பாடம், மேசை போடுவதற்குப் பாடம், சிரிப்பதற்குக்கூட ஒரு பாடம். சிரிப்பில் எனக்குத்தான் வகுப்பிலேயே கூடிய புள்ளி. சாப்பாடு பரிமாறும் பாடத்தில்தான் என் கதை கந்தலாகியது.

அதற்கு ஒரு விதி உண்டு. தட்டைக் கொண்டுபோய் விருந்தாளியின் இடப்பக்கத்தில் நிற்க வேண்டும். இடக்கையால் வைக்க வேண்டும். காரணமும் நியாயமானது. இடப்பக்கத்தில் நின்று வலக்கையை நீட்டினால் நம் முழங்கை நேரே விருந்தாளியின் முகத்துக்குப் போகும். எல்லாம் விளங்கியது. என் வலக்கைக்கு மட்டும் விளங்கவில்லை. பிறந்த நாளிலிருந்து, "சோத்துக்கையாலை குடு", "சோத்துக்கையாலை வாங்கு" என்று கேட்டு வளர்ந்த கை அது. இடக்கையால் ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தாலே அவரை வீட்டை விட்டுக் கலைத்த மாதிரி. இதில் சாப்பாடா?

எங்கள் விரிவுரையாளர் ஒரு சிங்களப் பெண்மணி. நாங்கள் மிஸ் என்போம். நான் தட்டோடு ஒவ்வொரு முறையும் வலக்கையை நீட்டும்போது, தூரத்திலிருந்தே, "வம் அத, புத்தா, வம் அத!" என்பார். இடக்கை, மகனே, இடக்கை. அவர் அதைச் சொன்ன தடவைகளைச் சேர்த்தால் ஒரு மந்திரத்துக்கு உருவேறியிருக்கும்.

செய்முறைப் பரீட்சை அன்று வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்தார். பெரிய ஹோட்டல்களில் இருந்து ஓய்வு பெற்றவர். கோட், டை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஆங்கிலம் தவிர வேறொன்றும் பேசவில்லை. அவருக்கு நான் பூசணிக்காய் சூப் வைக்க வேண்டும். இடப்பக்கம் போனேன், சரி. குனிந்தேன், சரி. சிரித்தேன், மிகச் சரி. கை நீண்டது. எந்தக் கை என்று நான் பார்த்தபோது என் வலது முழங்கை அவர் கண்ணாடியைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. அது ஒரு சுற்றுச் சுற்றிச் சூப்புக்குள் இறங்கியது. எனக்கு வாய்க்குள் நாலைந்து கெட்ட தமிழ்ச் சொற்கள் வந்தன. அவர் கரண்டியால் கண்ணாடியைக் கோரி எடுத்தார். பிறகு, புள்ளித் தாளை மூக்கில் முட்டும் அளவுக்குக் கிட்டப் பிடித்து என்னவோ எழுதினார். கண் தெரியாத மனுஷன், 'ஃபெயில்' என்பதை மட்டும் வடிவாக எழுதியிருந்தார்.

இன்னொரு வாய்ப்புத்தான் உண்டு. கடைசி வருடத்தில் நாங்களே ஒழுங்கு செய்து நடத்தும் பெற்றோர் மதிய விருந்து. நிகழ்ச்சிக்கும் புள்ளி, பரிமாறலுக்கும் புள்ளி. அதிலும் தவறினால், மற்றவர்கள் பயிற்சிக்கு ஹோட்டல்களுக்குப் போக, நான் மாத்திரம் அந்த வருடத்தை முழுதாகத் திரும்பப் படிக்க வேண்டும். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு தடவை படிக்கிற படிப்பையே மாடிக்கு மாடி மாற்றிச் சொல்கிற மனிதர், திரும்பப் படிப்பதை எந்த மாடியில் சொல்வார்?

எனக்குக் கைகொடுத்தவன் என் வகுப்புத் தோழன். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பையன். நான் அவனைக் கொட்டாஞ்சேனை என்றும் அவன் என்னை வெள்ளவத்தை என்றும் கூப்பிடுவோம். அந்நியர் கேட்டால் பஸ் கொண்டக்டர்கள் இருவர் கதைக்கிற மாதிரி இருக்கும்.

"மச்சான் வெள்ளவத்தை, ஒன்ட கையில இல்லடா பிரச்சின, ஒன்ட மண்டையில" என்றான் அவன். "ஞாயிறு பூச முடிய எங்கட வீட்டுக்கு வா. பழக்கி விடுறேன்."

போனேன். அவர்கள் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய வீதியில். முன்னறையில் மாதா சுரூபம், அதன் முன்னால் எரியும் சின்ன பல்ப், பக்கத்தில் பெரிய சாப்பாட்டு மேசை. குடும்பம் முழுவதும், பெரியம்மா சித்தி எல்லாரும், நாடகம் பார்க்க வந்த மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனை என் வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி ஏப்ரன் நாடாவால் கட்டினான். கிண்ணங்களில் தண்ணீர் நிரப்பி, "ஓகே, சேர்வ் பண்ணு" என்றான்.

முதல் கிண்ணம் அவன் சித்தியின் மடியில்.

"பரவாயில்ல மகன்" என்றார் அவனுடைய அம்மா. "எந்தக் கையாலயும் வைங்க. ஆக்களுக்கு மேல ஊத்தாம இருந்தாச் சரி."

"அன்ரி, இடக்கையாலை வைச்சா உங்களுக்குக் கோவம் வராதோ?"

அதற்குப் பதில் சொன்னது அவனுடைய அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "தம்பி, நான் ஹாபர்ல ரெண்டு கையாலயும்தான் சாமான் எறக்குறேன். இது வரைக்கும் ஒரு கப்பலும் கோவிச்சுக்கிட்டுப் போனதில்ல."

பிறகு வந்த ஞாயிறுகள் எல்லாம் அதே மேசை, அதே நாடா. தண்ணீர் போய்ப் பருப்பு வந்தது, பருப்புப் போய்ச் சூப் வந்தது. சித்தி மழைக்கோட்டோடு வந்து உட்காரும் பகிடியும் ஒருநாள் நடந்தது. மெல்ல மெல்ல என் இடக்கைக்குப் புத்தி வந்தது. வந்தது மட்டுமல்ல, கூடிவிட்டது. ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இடக்கையால் காசை நீட்டியிருக்கிறேன். கொண்டக்டர் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "தகுணு அத நத்த, மல்லி?" என்று பரிதாபமாகக் கேட்டார். வலது கை இல்லையா, தம்பி? இருப்பதை அவருக்குத் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா, அப்பாவோடு கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து ஐயர் வீபூதித் தட்டோடு வந்தார். எல்லோரும் கை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். ஐயரின் விரல்கள் வீபூதியோடு அந்தரத்தில் நின்றன. என் முன்னால் விரிந்திருந்தது இடக்கை. அம்மா எனக்குத் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் ஞாபகம்.

"வீபூதிக்கு இடக்கையை நீட்டுறாய், விசரே உனக்கு?"

வெளியே செருப்புப் போடும் இடத்தில் வைத்து உண்மையைச் சொன்னேன். பரிமாறும் விதி, இடக்கை, பழக்கம், எல்லாம். கண்ணாடி சூப்புக்குள் போன கதையை மட்டும் சொல்லவில்லை. அப்பா ஒரு செருப்பைப் போட்டபடி, மற்றதைப் போடாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அப்ப, நாங்கள் வாற விருந்திலையும் உப்பிடித்தான் வைப்பியோ?"

"ஓம் அப்பா. அதுதான் பரீட்சை."

"எனக்கு உந்த இடக்கையாலை சாப்பாடு வைச்சியெண்டால் நான் எழும்பி வந்திடுவன். சொல்லிப்போட்டன்."

அப்பா சொன்னால் செய்கிறவர். ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒரு பையன் தெரியாத்தனமாக இடக்கையால் பாயாசம் வைத்ததற்காக, அரைச் சாப்பாட்டில் இலையை மடித்து எழும்பியவர். மாப்பிள்ளை வீட்டார் கேட் வரைக்கும் பின்னால் ஓடி வந்தார்கள். ஆக, எனக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டு. இடக்கையால் வைத்தால், பரீட்சகரின் கண் முன்னால் என் விருந்தாளி எழும்பிப் போவார். வலக்கையால் வைத்தால், நான் திரும்ப அதே வகுப்புக்குப் போவேன்.

விருந்து நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. தவக்காலமும்கூட. என் வீட்டுப் பக்கம் வெள்ளிக்கிழமை மரக்கறி. கொட்டாஞ்சேனைப் பக்கம் தவக்கால வெள்ளியில் இறைச்சி இல்லை. கோழியில் பெரிய திட்டம் வைத்திருந்த சமையல் குழுத் தலைவி, மனமுடைந்து எல்லாருக்கும் பொதுவாக மரக்கறி மெனு எழுதினாள். முதல் அயிட்டத்தை வாசித்தேன். பூசணிக்காய் சூப். ஆண்டவனுக்கு என்மேல் என்னவோ இருந்திருக்கிறது.

விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. ஒரு மாணவருக்கு இரண்டு பேர் என்பது விதி. வருவீர்களா என்று கேட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் விதி. எங்கள் ஆட்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். "பாப்பம் தம்பி" என்பார்கள். அதன் அர்த்தம், வருவோம், பக்கத்து வீட்டாரோடு. அதனால் கூடத்தின் மூலையில் ஒரு மறைப்பின் பின்னால், மேலதிகமாக ஒரு மேசையும் கதிரைகளும் போட்டு வைத்தேன். மிஸ் அதைக் கண்டு, இது எதற்கு என்று கேட்டார். "கொட்டாஞ்சேனைக்கு, மிஸ்" என்றேன். மத்தியானம் கொட்டாஞ்சேனையின் பெரியம்மாவும் சித்தியும் அவர்களின் பிள்ளைகளும் லிஃப்டிலிருந்து இறங்கி வந்தபோது, மிஸ் தன் தாளில் ஒரு சரி போட்டார். என் வாழ்க்கையில் ஆள் கணக்கு ஒன்று சரியாக வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எந்த மேசைக்கு யார் பரிமாறுவது என்று சீட்டுப் போட்டார்கள். எனக்கு வந்தது யன்னலோர மேசை. அப்பா, அம்மா, கொட்டாஞ்சேனையின் அம்மா அப்பா, அவர்களோடு பரீட்சகர். அதே பரீட்சகர். கண்ணாடி இந்த முறை ஒரு கறுப்புக் கயிற்றில் கழுத்தோடு கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் அதை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

சமையலறைக்குள் ஓடினேன். "மச்சான், மேசையை மாத்துவம். காலிலை விழுறன்."

"மாத்துவம்டா" என்று கொட்டாஞ்சேனை தன் சீட்டை எடுத்து நீட்டினான். நீண்ட சீட்டை நடுவிலேயே பிடுங்கியது மிஸ். ஹோட்டலில் விருந்தாளி உங்களைத் தெரிவு செய்வார், நீங்கள் விருந்தாளியைத் தெரிவு செய்ய முடியாது என்று சிங்களத்தில் ஒரு பிரசங்கம். கடைசியில், "யன்ன, புத்தா" என்றார். போ, மகனே. போனேன்.

அம்மாவுக்கு முதலில். இடப்பக்கம், இடக்கை. கிண்ணம் மேசையில் பூப்போல இறங்கியது. அம்மா கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். அடுத்தது கொட்டாஞ்சேனையின் அம்மா. "அட, மேல ஊத்தல்ல!" என்று மகிழ்ந்தார். அவருடைய கணவர் என் கையைப் பார்த்துக் கண்ணடித்தார். பரீட்சகரிடம் போனபோது அவர் ஒரு கையால் கண்ணாடியைப் பொத்திக்கொண்டார். வைத்தேன். என் முழங்கை அவரிடமிருந்து ஒரு ஊருக்கு அப்பால் இருந்தது. மெதுவாகக் கையை எடுத்தார்.

மிச்சம் அப்பா.

நான் இடப்பக்கம் வந்து நின்றதும் அவர் மடியில் இருந்த துணியை எடுத்து மடித்து மேசையில் வைத்தார். எழும்புகிற ஆயத்தம். கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது. இந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. படித்தது ஒன்றுதான் வாயில் வந்தது.

"சேர், சூப் வைக்கட்டோ?"

"ஆரடா சேர்?" என்றார் அப்பா பல்லுக்குள்ளால்.

"நீங்கள்தான், சேர். இண்டைக்கு நீங்கள் விருந்தாளி."

கொட்டாஞ்சேனையின் அப்பா சூப்பை உறிஞ்சியபடி, "நல்லாயிருக்கு ஐயா, எடுங்க" என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. என் இடக்கையைப் பார்த்தார்.

"சோத்துக்கையாலை வைச்சால் என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நேரமில்லை. "உங்கடை கண்ணாடி சூப்புக்குள்ளை விழும், அப்பா."

அப்பாவின் புருவம் ஏறியது. பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார். என்னுடைய பிழைப்பே அதுதானே. அப்போது மேசையின் மறுபக்கத்திலிருந்து, அது வரைக்கும் ஆங்கிலம் தவிர ஒன்றும் பேசாத மனிதர், தமிழில் வாய் திறந்தார்.

"உண்மதான் சேர். போன முற என்ட கண்ணாடி விழுந்திச்சு. இதே சூப்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொழும்பு கொம்பனித்தெருவிலேயே பிறந்து, தமிழ் பேசி வளர்ந்த முஸ்லிம் மனிதர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக, போன முறை சூப்புக்குள் கண்ணாடி விழுந்தபோது நான் வாய்க்குள் சொன்ன தமிழ்ச் சொற்கள் அத்தனையும் அவருக்கு விளங்கியிருக்கின்றன.

"சூப்புக்குள்ளையோ?" என்றார் அப்பா.

"முழுசா. கரண்டியால எடுத்தன். ரெண்டு நாள் பூசணிக்கா மணம்."

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடினார். கொட்டாஞ்சேனையின் அம்மா மூடவில்லை. அவருடைய கணவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பரீட்சகரின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு, மிக நிதானமாகத் தன் கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார். மேசையில் கிடந்த துணியை எடுத்து மறுபடியும் மடியில் விரித்தார்.

"மற்றவையளுக்கு வைச்ச மாதிரியே வை" என்றார்.

வைத்தேன். இடப்பக்கம், இடக்கை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எப்படியோ சமையலறைக் கதவு வரைக்கும் வந்து, அதற்கு அப்பால் நின்ற கொட்டாஞ்சேனையின் தோளில் சரிந்தேன்.

"என்னடா, எழும்பிட்டாரா?"

"குடிக்கிறார்டா. மச்சான், சூப்பைக் குடிக்கிறார்!"

"அப்ப ஏன்டா அழுற?"

"வெங்காயம்" என்றேன். வெங்காயம் அறையின் மறு அந்தத்தில் இருந்தது.

மாலையில் மிஸ் பெயர்களை வாசித்தார். நான் தேறியிருந்தேன். பரீட்சகர் போகும்போது கைகொடுத்தார். "முழங்கை நல்லா முன்னேறியிருக்கு, மகன்" என்றார். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் பெரியது அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது லிஃப்டுக்குள் நாலாம் மாடி அன்ரி நின்றார். "எங்கை, குடும்பமா வெளிக்கிட்டுப் போட்டு வாறியள்?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். நான் லிஃப்டின் பொத்தான்களைப் பார்த்தேன்.

"இவன் ஹோட்டல் படிக்கிறான் எல்லோ" என்றார் அப்பா. "அங்கை போய்ச் சாப்பிட்டிட்டு வாறம். சூப் திறம்."

அன்ரி தன் மாடியில் இறங்க மறந்து எங்கள் மாடி வரைக்கும் வந்தார்.

அன்றிரவு அம்மா புட்டு அவித்தார். இனி ஒருவருக்கும் ஒன்றும் பரிமாறுவதில்லை என்று மத்தியானம் சமையலறையில் எடுத்த சபதத்தை மறந்து, நானே புட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனேன். பழக்க தோஷம். அப்பாவின் இடப்பக்கம் நின்றேன். இடக்கை தானாக நீண்டது.

"டேய்" என்றார் அப்பா, நிமிராமல். "பரீட்சை முடிஞ்சுது. இது வீடு."

அவசரமாகக் கையை மாற்றினேன். என் வலது முழங்கை எழும்புவதற்கு முன்னமே அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார்.